நடுரோட்டில் நின்று பார்க்க ஒரு படம்

(மண்டைக்காட்டில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஓவியப் பட்டறை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

இந்த அச்சுப்படத்தை முன்வரிசையிலிருந்து ஒவ்வொருத்தராகப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்க. அவசரப்படாண்டாம். ஆளுக்கு ஒரு நிமிசம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாமி இல்லை, ராஜா இல்லை, சண்டை இல்லை. ஒரு நாட்டுப்புற ரோடு. இரண்டு பக்கமும் ஒல்லியாக, நெடுநெடுவென்று மரங்கள். வரைந்தவர் மெய்ண்டர்ட் ஹோபெமா என்ற டச்சுக்காரர். வரைந்த ஆண்டு 1689. ஹாலந்தில் ஒரு தீவில் மிடில்ஹார்னிஸ் என்று ஓர் ஊர். அந்த ஊருக்குப் போகிற ரோடு இது. மூலப்படம் 1871 முதல் லண்டனில் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நம் கையில் இருப்பது பழைய காலண்டர் ஒன்றிலிருந்து கிழித்து எடுத்தது.

"விடுதலை பேசுகிற இடத்தில வெள்ளைக்காரன் ஊர் ரோட்டுப் படத்துக்கு என்ன வேலை அண்ணே?" என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. ஓவியம் என்றால் நமக்குச் சுவரெழுத்து, தலைவர் படம், ஊர்வலத் தட்டி, இவ்வளவுதான் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. இயற்கைக் காட்சியை ரசிப்பது வயிறு நிறைந்தவன் வேலை என்று நம் ஆட்களே சொல்வார்கள். நிலத்தைத்தான் அவன் பேரில் பட்டா எழுதிக் கொடுத்தாச்சு. நிலத்தைப் பார்த்து ரசிக்கிற உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுக்க நான் தயாராக இல்லை. தலித் அழகியல் என்று பேசத் தொடங்கியபிறகு, அந்த அழகியலுக்குள் மரமும் வானமும் வராது என்று யார் தீர்மானித்தது?

இன்னொன்று. டச்சுக்காரன் நமக்கு ஒன்றும் தூரத்து ஆள் இல்லை. இங்கிருந்து குளச்சல் எவ்வளவு தூரம்? 1741 ஆகஸ்டில் அங்கேதான் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனி தோற்றது. பிடிபட்ட டிலனாய் என்பவர் பிறகு அதே ராஜாவுக்குத் தளபதி ஆனார். குளச்சலில் ராஜாவுக்கு வெற்றித்தூண் இருக்கிறது. உதயகிரிக் கோட்டையில் டிலனாய்க்குக் கல்லறை இருக்கிறது. கோட்டைக்குக் கல் சுமந்தவனுக்கு ஒண்ணும் இல்ல. ஹோபெமாவின் இந்த அமைதியான ரோட்டைப் பார்க்கும்போது இன்னொன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதே நாட்டின் கம்பெனிதான் கொச்சியிலிருந்து கப்பலேற்றி, தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்கு அடிமைகளைக் கொண்டுபோய் விற்றது. மலையாளக் கரையின் புலையர்களும் அதில் போனார்கள். அவன் ஊர் ரோடு அழகாக இருக்கிறதென்றால் அந்த அழகுக்கான கணக்கில் நம் ஆட்களின் பேரும் எங்கேயோ ஒரு வரியில் இருக்கும்.

சரி. இப்போது படத்தைப் பார்ப்போம். படத்தைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவது நம்ம பக்கத்தில் ஒரு வியாதி. கொஞ்சம் பொறுத்து எழுதலாம்.

படத்தில் பாதிக்கு மேலே வெறும் வானம். அடிவானத்தை ரொம்பத் தாழ்வாக வைத்திருக்கிறார். ரோடு நம் காலடியிலிருந்து ஆரம்பித்து நேராக உள்ளே போய்ச் சிறுத்து, நடுவில் ஒரு புள்ளியில் முடிகிறது. ரோட்டில் வண்டிச் சக்கரம் பதிந்த தடம். மழை பெய்து காய்ந்த மண்ணில் பதிகிற தடம், நமக்குத் தெரியாததா? இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அந்த மரங்களுக்கு ஆல்டர் என்று பெயர். கீழ்க்கிளைகளை எல்லாம் வெட்டி, உச்சியில் மட்டும் கொஞ்சம் தழை விட்டிருக்கிறார்கள். ஓலை சீவின பனைபோல நிற்கிறது. 1664 வாக்கில் நட்ட மரங்கள். இவர் வரையும்போது இருபத்தைந்து வயசு. வலது பக்கத்தில் ஒரு நாற்றுத் தோட்டம். அதில் ஒரு ஆள் செடிகளைக் கவாத்து பண்ணிக்கொண்டிருக்கிறான். அதற்கும் அப்பால் ஒரு வீட்டுப் பக்கம் ஆணும் பெண்ணும் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடது பக்கம் தூரத்தில் மாதா கோவில் கோபுரம். நடு ரோட்டில் ஒருத்தன் தோளில் துப்பாக்கியோடு, நாயையும் கூட்டிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறான்.

ஜான் பெர்ஜர் என்ற இங்கிலாந்துக்காரர் 1972இல் 'பார்க்கும் முறைகள்' என்று ஒரு நூல் எழுதினார். மாணவர்கள் கட்டாயம் படிக்கணும். கெய்ன்ஸ்பரோ வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதி படத்தைப் பற்றி அதில் பேசுகிறார். பண்ணைக்காரனும் பெண்சாதியும் மரத்தடியில் ஜம்மென்று இருக்கிறார்கள், பின்னால் அவர்களுடைய வயல். கட்டிவைத்த கதிர் இருக்கிறது, அறுத்தவன் இல்லை. நிலக்காட்சி என்பது சொத்துப் பத்திரம் என்று நாம் சொல்லுகிறோமே, அதற்கு அந்தப் படம் நல்ல சாட்சி. ஆனால் எல்லா நிலக்காட்சியையும் அந்த ஒரே மூட்டையில் போட்டுக் கட்டக்கூடாது. ஹோபெமா படத்தில் வேலை செய்கிறவன் இருக்கிறான், வேலையும் இருக்கிறது. வாய்க்கால் யாரோ வெட்டினது. மரம் யாரோ நட்டது, யாரோ ஏறிக் கழித்தது. தடம் யாரோ வண்டியோட்டினது. வரைந்தவரும் பண்ணைக்காரர் இல்லை. படம் வரைந்து பிழைக்க முடியாமல் 1668 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வரி இலாகாவில், இறக்குமதியாகிற ஒயின் பீப்பாய்களை அளக்கிற வேலை பார்த்தவர். 1709இல் செத்தபோது ஏழைகளைப் புதைக்கிற இடத்தில்தான் புதைத்தார்கள்.

இப்போது நான் கேட்கப் போவதுதான் முக்கியம். படத்தைப் பார்க்கிறபோது நீங்க எங்கே நிக்கிறீங்க?

நல்லாப் பாருங்க. ரோட்டு ஓரத்தில் இல்லை. வாய்க்காலுக்குள் இறங்கி இல்லை. மரத்துக்குப் பின்னால் ஒளிந்தும் இல்லை. நட்ட நடு ரோட்டில் நிற்கிறீர்கள். இரண்டு பக்கத்து மரமும் சமமாக விலகி நிற்கிற இடத்தில் உங்கள் கண்ணை அவர் நிறுத்திவிட்டார். அங்கே நின்றால்தான் இந்தப் படம் இப்படித் தெரியும். ராணி பார்த்தாலும் அங்கேதான் நிற்கணும், தோட்டி பார்த்தாலும் அங்கேதான் நிற்கணும். இன்னொரு விசயம். முதலில் அவர் முன்பக்கத்தில், ரோட்டின் இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் இன்னும் ஒவ்வொரு மரம் வரைந்திருக்கிறார். பிறகு அந்த இரண்டையும் பூசி மறைத்துவிட்டார். மரம் இரண்டு போனதும் முன்னால் இடம் விரிந்துவிட்டது. பார்க்கிறவர் உள்ளே வர வாசல் திறந்த மாதிரி. என்ன காரணத்துக்காகச் செய்தாரோ, எனக்கு அது பிடித்திருக்கிறது.

எனக்க பாட்டா இந்தப் பக்கத்து ரோடுகளில் அறுபது வருசம் நடந்தவர். நடு ரோடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எதிரே ஆள் வருகிற சத்தம் கேட்டதும் வரப்பில் இறங்கணும், இல்லைன்னா வேலியோரம் ஒதுங்கணும். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. சட்டம் எல்லாம் வந்து, ஊரும் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்து, பஸ்சும் ஓட ஆரம்பித்த பிறகும், பின்னால் சைக்கிள் மணி கேட்டால் ஓடைக்குள் இறங்கிவிடுவார். "யாரு பாட்டா வாறா?" என்றால் "ஆராவது வருவாவ" என்பார். அவருக்கு ரோடு என்றால் அதன் ஓரம்தான்.

படத்தில் துப்பாக்கிக்காரன் எதிரே வருகிறான், பார்த்தீங்களா. நம்மிடமிருந்து ஐம்பது அறுபது காலடி தூரம் இருக்கும் என்று என் கண் சொல்லுகிறது. அவன் நடக்கிறான், நாம் நிற்கிறோம். யார் ஒதுங்குவது? படத்தில் அதற்குப் பதில் கிடையாது. ரோடு அகலமாக இருக்கிறது, இரண்டு பேரும் போகலாம். நாய் வேண்டுமானால் நம்மை முகர்ந்து பார்க்கும். இந்த இடத்தில் திருவிதாங்கூர் கணக்கைக் கொண்டுவந்து வையுங்கள். நம்பூதிரிக்கு ஈழவர் 36 காலடி விலகணும், புலையர் 96 காலடி விலகணும் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி இந்தப் படத்துக்கு முன்னால் நாம் நிற்பதே குற்றம்! வருகிறவன் மேல்சாதிக்காரன் என்றால் படம் ஆரம்பிக்கும் முன்பே நாம் ஓடியிருக்க வேண்டும்.

ஓவியப் பள்ளியில் தூரம் போகப்போகப் பொருள் சிறுத்துத் தெரிகிற விதியை பர்ஸ்பெக்டிவ் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஐரோப்பியர்கள் பல நூறு வருசம் பாடுபட்டுப் பழகிய வித்தை. தூரத்தில் இருக்கிற மனுசன் சின்னதாகத் தெரிவான், கிட்டே வந்தால் பெரியவனாகத் தெரிவான். ஒரே மனுசன்தான். நடந்து வரவர அளவு மாறும். நம் ஊரிலும் மனுசனைத் தூரத்தால் அளந்தார்கள், ஆனால் நடந்து கிட்டே வர விடவில்லை. ஒருத்தனை 96 காலடியிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, 'பாரு எவ்வளவு சின்னவன்' என்று சாத்திரம் எழுதினார்கள். 1790களில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று இரண்டு வெள்ளைக்கார ஓவியர்கள் தென்கோடி வரை வந்தார்கள். களக்காட்டுப் பக்கமிருந்து கன்னியாகுமரி மலைகளை வரைந்தார்கள். அந்த மாதிரிப் படங்களில் மலை எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக அங்கங்கே குட்டி குட்டியாக நாட்டு ஆட்கள். அளவுகோல் குச்சிக்குப் பதிலாக மனுசன். அந்தப் படங்களும் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் என் இடம் எதுவென்று எனக்குத் தெரியும்.

நாட்டுப்புற ரோடு என்று இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் சரித்திரத்தில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஒரு அர்த்தம் உண்டு. 1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததாக அறிவித்தார்கள். 1865இல் பொதுச் சாலைகள் எல்லாச் சாதிக்கும் பொது என்று அரசாங்க அறிவிப்பு வந்தது. ஒருத்தனும் மதிக்கவில்லை. 1884இல் மறுபடியும் அறிவிப்பு. அது உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமான்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ரோடு இரண்டு வகை. ஒன்று ராஜவீதி, இன்னொன்று கிராமவீதி. அரசாங்கம் திறந்துவிட்டது ராஜவீதியைத்தான், கிராமவீதியை இல்லை. முடிந்தது கதை. ராஜாவின் பெரிய ரோட்டில் நீ போகலாம். ஆனால் வீட்டிலிருந்து அந்த ரோட்டுக்குப் போய்ச்சேரக் கிராமவீதியில் அல்லவா நடக்கணும்? கடைக்கும் கிணற்றுக்கும் சந்தைக்கும் போகிறது கிராமவீதி. மரநிழல் விழுகிற, வண்டித்தடம் பதிந்த, கவிஞர்கள் உருகி உருகி எழுதுகிற அந்த அழகான ரோடுதான் நமக்கு இல்லை என்று தீர்ப்பானது. அந்த ரோட்டுக்கு மண் சுமந்தது யார், ஊழியம் என்ற பேரில் கூலியில்லாமல் வேலை செய்தது யார் என்று எந்த நீதிமானும் கேட்கவில்லை.

1893இல் அய்யன்காளி என்ன செய்தார்? மனு எழுதவில்லை. ஒரு வில்லுவண்டி வாங்கினார். இரண்டு நல்ல காளை, கழுத்தில் மணி. வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை. வெங்ஙானூரிலிருந்து பொது ரோட்டில் ஓட்டினார். இந்தக் கடற்கரையோரமாகவே வடமேற்கே போனால் அந்த ஊர். வண்டியை எப்படி ஓட்டியிருப்பார் என்று யோசித்துப் பாருங்க. வில்லுவண்டியை ஓரமாக ஓட்ட முடியாது. ஓரத்தில் ஓட்டினால் குடை சாயும். நடு ரோட்டில்தான் போகணும். ஹோபெமா நம்மை நிறுத்துகிற அதே இடம்! அதே 1893இல் திருவிதாங்கூரின் பெரிய ஓவியர் ரவிவர்மாவின் பத்துப் படங்கள் அமெரிக்காவில் சிகாகோ கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கின. அவர் தம்பி ராஜராஜவர்மா நிலக்காட்சி வரைவதில் கெட்டிக்காரர். இரண்டு பேரும் நல்ல கைகாரர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மணி குலுங்கப் போன அந்த வண்டிப் பக்கம் அரண்மனை ஓவியத்தின் கண் திரும்பவில்லை. திருவிதாங்கூரில் அந்தக் காலத்தில் வரையத் தகுந்த ரோட்டுக் காட்சி அதைவிட வேறென்ன இருந்திருக்கும்?

மறுபடி அந்தச் சக்கரத் தடத்தைப் பாருங்க. இந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். நடந்தவன், வண்டியோட்டியவன் எல்லாம் போய்விட்டான், தடம் இருக்கிறது. மராட்டியத்தில் பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில், புனே நகரத்தில் தீண்டப்படாதவன் நடந்தால் இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ளணும். அவன் காலடித் தடத்தை அவனே பெருக்கிக்கொண்டு போகணும். எச்சில் மண்ணில் விழாமல் இருக்கக் கழுத்தில் கலயம். அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். நாக்பூரில் பிறந்த சவி சாவர்க்கர் என்ற தலித் ஓவியர் இந்த உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார் (அந்த இன்னொரு சாவர்க்கர் இல்லை, பயப்படாண்டாம்). கலயமும் துடைப்பமுமாக ஒரு மனிதன். மரம் இல்லை, வானம் இல்லை. அதையும் நான் ரோட்டுப் படம் என்றுதான் சொல்லுவேன். இந்த இரண்டு படத்தையும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் ரசனை இருக்கும், கோபம் இருக்காது. மற்றதை மட்டும் பார்த்தால் நமக்கு மறுக்கப்பட்டது எவ்வளவு அழகான பொருள் என்பது மறந்து போகும்.

வைக்கம் எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1924 மார்ச் 30இல் குஞ்ஞப்பி என்ற புலையர், பாகுலேயன் என்ற ஈழவர், கோவிந்தப் பணிக்கர் என்ற நாயர் மூன்று பேரும் கோவிலைச் சுற்றின ரோட்டில் நடக்கப் போனார்கள், கைதானார்கள். பெரியார் வந்து இரண்டு தரம் ஜெயிலுக்குப் போனார். 1925இல் முடிந்தபோது மூன்று பக்கத்து ரோடு திறந்தது, கிழக்கு ரோடு திறக்கவில்லை. 1926இல் நம்ம சுசீந்திரத்திலும் தெருவுக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. நாலு பக்கமும் ரோடு இருக்கிற ஒரு கோவிலைப் படமாக வரைந்து, ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளையாக விட்டால் அதுதான் அந்த ஒப்பந்தம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்காக: மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் ஊருக்கு நடுவே எழுப்பின சுவரில் ஒரு பகுதியை 2008இல்தான் இடித்தார்கள். 2016 ஜனவரியில் நாகப்பட்டினம் மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் சவத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், போலீசே தூக்கிக்கொண்டு மாற்றுப் பாதையில் போனது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் பாதை விடாததால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து சவத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ரோடு, பாலம், ஆறு, மனிதர்கள் என்று நிலக்காட்சிக்குத் தேவையான எல்லாமே அங்கே இருந்தது.

நம்ம மண்டைக்காட்டுக்கே வாங்க. மாசிக் கொடைக்குப் பெண்கள் இருமுடி கட்டி வருகிற ரோடு உங்களுக்குத் தெரியும். கோவிலுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது கொஞ்ச தூரம். 1982 மார்ச்சில் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்கள் போனது. இரண்டு மதத்துச் சண்டை என்று மட்டும் அதை எழுதினார்கள். கடலுக்குப் போகிற வழி யாருடையது என்ற கேள்வியும் அதற்குள் கிடந்தது. அதைப் பற்றித் தனியாக ஒருநாள் உட்கார்ந்து பேசணும், இன்றைக்கு வேண்டாம்.

வரைகிற தம்பி தங்கச்சிகளுக்குச் சில விசயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஹோபெமாவைக் காப்பி அடிக்காதீங்க. ஆல்டர் மரம் நமக்கு வேண்டாம். பனை இருக்கு, பூவரசு இருக்கு, தாழை இருக்கு. 1860இல் தொடங்கி வெட்டின ஏ.வி.எம். சானல் தூர்ந்து கிடக்கு, அதையும் தூர்ந்தபடியே வரையுங்க. அனந்தபத்மநாபன் பேரும் விக்டோரியா பேரும் மார்த்தாண்டன் பேரும் அதற்கு வைத்தார்கள். வெட்டினவன் பேரை வைக்க இடமில்லாமல் போச்சு. வழியில் சுமைதாங்கிக் கல் எங்கேயாவது மிச்சம் இருந்தால் விடாதீங்க. தலைச்சுமையோடு நடந்தவளுக்கு அந்தக் கல் எவ்வளவு உயரம் என்று, அதன் பக்கத்தில் போய் நின்று அளந்து பார்த்து வரையணும். நம்ம தெரு ரோட்டில் எங்கே தார் முடிந்து மண் ஆரம்பிக்கிறதோ, அந்த இடம் ரொம்ப முக்கியம். ஹோபெமாவுக்கே கிடைக்காத கோடு அது.

கண்மட்டத்தை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு பண்ணுங்க. ஓடைக்குள் இறங்கி நிற்கிற பாட்டாவின் கண்ணா, ரோட்டில் நிற்கிற உங்கள் கண்ணா? ஓடைக்குள்ளிருந்து பார்த்தால் ரோடு தெரியாது, போகிறவன் கால்தான் தெரியும். அதுவும் ஒரு படம்தான், யாராவது வரையத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு எல்லாரும் மேலே ஏறி நின்று வரையுங்கள். ஆட்களை வரையும்போது அளவு காட்டுவதற்காகக் குட்டியாகப் போடாதீங்க. நம்மை நோக்கி நடந்து வருகிற மாதிரி போடுங்க, முகம் தெரியணும்.

படம் பின்வரிசைக்குப் போயிட்டுதா? சரி. தாளும் பலகையும் வெளியே திண்ணையில் இருக்கு. கஞ்சி குடித்துவிட்டு நாலு நாலு பேராகப் பிரிந்து, குளச்சல் ரோட்டிலேயும் சானல் கரையிலேயும் போய் நில்லுங்க. நடுவில் நின்றே பாருங்கள். லாரி வந்தா மட்டும் ஒதுங்குங்க.